கிரூபெண்டால், லண்டன்: முந்நூறு வருஷத்துக் கடிதங்களை வீட்டிலிருந்தே படிக்க

திருச்சி ஆர்.எம்.எஸ்.ஸில், அதாவது ரயில் தபால் பிரிவில், 34 வருஷம் சார்ட்டராக இருந்தேன். ஓடுகிற ரயிலில் நின்றுகொண்டே, கோழி கிளறின மாதிரியான முகவரிகளைப் படித்து அந்தந்த ஊர் அறைக்குள் போடுவதுதான் வேலை. அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கக் கூடாது என்பது அங்கே முதல் பாடம். ஓய்வு பெற்ற பிறகு நாள் முழுக்க அடுத்தவர் கடிதங்களைத்தான் படிக்கிறேன். எல்லாம் லண்டன் ராயல் சொசைட்டிக்கு வந்தவை, நியூட்டன் காலத்திலிருந்து.

1660-இல் தொடங்கிய அறிவியல் சங்கம் அது. தனக்கு வந்த கடிதங்களையும், கூட்டத்தில் வாசித்த கட்டுரைகளையும், உறுப்பினர் விண்ணப்பங்களையும் சேர்த்து வைத்திருக்கிறது. அவற்றில் நிறையவற்றைப் படமெடுத்து 'சயின்ஸ் இன் தி மேக்கிங்' என்ற தளத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். நேரில் போகிறவர்கள் கார்ல்டன் ஹவுஸ் டெரஸில் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போக வேண்டும், பென்சில்தான் கொண்டுபோக வேண்டும். நமக்கு அந்தக் கவலை இல்லை. ஒரு கணினியும் கொஞ்சம் பெரிய திரையும் போதும். கைபேசியில் முயலாதீர்கள், கழுத்துதான் வலிக்கும்.

முதலில் என்ன தேடுகிறோம் என்பதில் ஒரு தெளிவு வேண்டும். நம்மவர்கள் எல்லோரும் ராமானுஜன் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்தைத்தான் தேடுவார்கள். நானும் தேடினேன், கிடைக்கவில்லை. 34 வருஷம் தபாலில் இருந்தவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டும்: கடிதம் போட்டவர் வீட்டில் இருக்காது, வாங்கியவர் வீட்டில்தான் இருக்கும். 1913 ஜனவரி 16 தேதியிட்ட அந்தக் கடிதம் ஹார்டி என்ற தனி மனிதருக்குப் போனது, சங்கத்துக்கு அல்ல. அது இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. 1976-இல் கணித அறிஞர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்த, ராமானுஜனின் 'தொலைந்த நோட்டு' டிரினிட்டி கல்லூரி நூலகத்தில். ஆகவே தேடும் முன் 'இது யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது?' என்று ஒரு தரம் கேட்டுக்கொள்ளுங்கள். பாதி அலைச்சல் மிச்சம்.

ராயல் சொசைட்டியில் ராமானுஜன் இருப்பது வேறு இடத்தில், தேர்தல் சான்றிதழ்களில். ஒருவரை உறுப்பினராக்க வேண்டும் என்றால் ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர்கள் அவர் தகுதியை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். அவரை நேரில் அறிந்து கையெழுத்திட்டவர்கள் தனி, அவர் வேலையை மட்டும் அறிந்து கையெழுத்திட்டவர்கள் தனி. இந்தப் பிரிவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். யார் யாருடன் பழகினார்கள் என்று இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் தாள் வேறு இல்லை. ராமானுஜனுக்கு ஹார்டி, லிட்டில்வுட், மக்மஹோன், வைட்ஹெட் எனக் கையெழுத்துகள் வரிசையாக இருக்கின்றன. 1917 டிசம்பரில் முன்மொழிந்தார்கள், 1918 மே 2-ஆம் தேதி தேர்வானார். அவருக்கு முன் இந்தியர் ஒரே ஒருவர்தான்: பம்பாய்க் கப்பல் பொறியாளர் அர்தசீர் கர்செட்ஜி, 1841-இல். அப்புறம் வந்தவர்களில் 1924-இல் சி. வி. ராமன், 1944-இல் வானியற்பியலாளர் சந்திரசேகர் உண்டு. தேர்வாகாதவர்களின் தாள்களையும் விட்டுவிடாதீர்கள். இயற்பியலாளர் ஹெர்தா அயர்ட்டனை 1902-இல் முன்மொழிந்தபோது, திருமணமான பெண்ணை உறுப்பினராக்கச் சட்டத்தில் இடமில்லை என்று ஒதுக்கினார்கள். முதல் பெண் உறுப்பினர்கள் வந்தது 1945-இல்.

இனி பழைய கடிதங்கள். 'ஏர்லி லெட்டர்ஸ்' என்ற வரிசையில் 17, 18-ஆம் நூற்றாண்டுக் கடிதங்கள் எழுதியவர் பெயரின் முதலெழுத்துப்படி அடுக்கியிருக்கின்றன. ஒன்றைத் திறந்ததும் முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பிக்காதீர்கள். கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். அந்தக் காலத்தில் உறை கிடையாது. எழுதிய தாளையே மடித்து, அரக்கு வைத்து, வெளிப்பக்கத்தில் முகவரி எழுதுவார்கள். தபால் கூலி பெரும்பாலும் வாங்குகிறவர் தலையில்தான். தாள் கூடினால் கூலியும் கூடும், அப்புறம் உறைக்கு எங்கே போவது?

அந்த வெளிப்பக்கத்தில்தான் எல்லாம் இருக்கிறது. முகவரி இருக்கும். அரக்கு கிழித்த ஓட்டை இருக்கும். அந்த ஓட்டைக்கு நேர் பின்னால் உள்ளே இரண்டு மூன்று சொற்கள் காணாமல் போயிருக்கும், அதனால் வாக்கியம் புரியவில்லையே என்று உங்களை நொந்துகொள்ள வேண்டாம். லண்டன் தபாலில் போனதாக இருந்தால் சின்ன வட்ட முத்திரை ஒன்று இருக்கலாம். மேல் பாதியிலும் கீழ்ப் பாதியிலுமாக மாதமும் நாளும், அவ்வளவுதான். 1661-இல் ஹென்றி பிஷப் என்ற தபால் தலைவர் கொண்டுவந்த முத்திரை அது, கடிதத்தைத் தேக்கி வைக்காமல் இருக்க. அதை முதன்முதலாகத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. வருஷம் மட்டும் போட மாட்டார்கள், அதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதே பக்கத்தில் வேறொரு கையெழுத்தில் சின்னக் குறிப்பும் இருக்கும். வந்த தேதி, கூட்டத்தில் வாசித்த தேதி, சில சமயம் பதில் போட்ட தேதி. செயலாளர் எழுதி வைத்தது. முதல் செயலாளர்களில் ஒருவரான ஹென்றி ஓல்டன்பர்க் இதில் படு ஒழுங்கு. டச்சுக்காரர்களோடு போர் நடந்த 1667-இல், வெளிநாட்டுக்காரர்களுக்குக் கடிதம் எழுதுகிறார் என்ற சந்தேகத்தில் மனிதரை லண்டன் கோபுரச் சிறையில் போட்டார்கள். வெளிநாட்டுக் கடிதங்களைத் தன் பெயரின் எழுத்துகளைக் கலைத்துப் போட்ட 'கிரூபெண்டால், லண்டன்' என்ற பெயருக்கு வரவழைத்துக்கொண்டவர் அவர். முகவரியில் கிரூபெண்டால் என்று பார்த்தால் யாரோ புது ஆள் என்று குறிப்பெடுத்துவிடாதீர்கள். அவரேதான்.

சரி, தேதி. இதில் நான் நன்றாக அடிபட்டேன். ஒளியும் நிறமும் பற்றி நியூட்டன் எழுதிய கடிதத்தில் 1671 பிப்ரவரி 6 என்று படித்தேன். அது அச்சானது 1672 பிப்ரவரி என்று வேறொரு குறிப்பில் இருந்தது. எங்கள் தெரு வாசகர் வட்டத்தில் எழுந்து நின்று, 'நியூட்டனையே ஒரு வருஷம் காக்க வைத்திருக்கிறார்கள்' என்று பிரசங்கம் செய்தேன். கடைசி வரிசையில் இருந்த கல்லூரிப் பெண் ஒருத்தி எழுந்து, 'சார், அப்போ அங்கே வருஷப்பிறப்பு மார்ச் 25' என்றாள். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டேன். இங்கிலாந்தில் 1752 வரை அப்படித்தான். ஆகவே ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை எழுதியவற்றில் பழைய வருஷமே இருக்கும், அல்லது 1671/2 என்று இரண்டையும் சாய்கோடு போட்டு எழுதியிருப்பார்கள். நான் சாய்கோட்டுக்கு அப்புறம் இருந்த 2-ஐ மைக்கறை என்று நினைத்துவிட்டேன். உண்மையில் கேம்பிரிட்ஜிலிருந்து 6-ஆம் தேதி எழுதிய கடிதத்தை 8-ஆம் தேதி லண்டன் கூட்டத்தில் வாசித்துவிட்டார்கள், 19-ஆம் தேதியிட்ட சங்கத்தின் இதழில் அச்சும் ஆகிவிட்டது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஐரோப்பாவின் பல ஊர்கள் அப்போதே புது நாட்காட்டிக்கு மாறிவிட்டன. 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து பத்து நாள் பின்தங்கி இருந்தது, 1700-க்குப் பிறகு பதினொன்று. ஹாலந்தின் டெல்ஃப்டிலிருந்து புறப்பட்ட கடிதம், எழுதுவதற்கு முன்பே லண்டன் வந்து சேர்ந்த மாதிரிகூடத் தெரியலாம். நான் ஒரு நோட்டில் எழுதிய தேதி, வந்த தேதி, வாசித்த தேதி என்று மூன்று பத்தி போட்டு, பக்கத்திலேயே எந்த நாட்காட்டி என்றும் குறித்துக்கொள்கிறேன்.

கையெழுத்துக்கு ஒரு குறுக்கு வழி சொல்கிறேன். முக்கியமான கடிதங்களை எழுத்தர் ஒருவர் அழகான கையில் பெரிய புத்தகத்தில் பெயர்த்து எழுதியிருப்பார். அதற்கு 'லெட்டர் புக்' என்று பெயர். முதலில் அதைப் படியுங்கள், அப்புறம் மூலத்துக்கு வாருங்கள். விஷயம் தெரிந்துவிட்டால் கோழிக் கிறுக்கலும் தானாகப் பேசும். ஆனால் பெயர்ப்பை மட்டும் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள், எழுத்தருக்கும் தூக்கம் வரும். சொல்லின் நடுவில் 'எஃப்' மாதிரி நீளமாக இருப்பது பெரும்பாலும் 'எஸ்'. 'ஒய்'யும் மேலே தூக்கிய குட்டி 'ஈ'யுமாக இருந்தால் அது 'யீ' அல்ல, 'தி' என்ற சாதாரணச் சொல்தான். புரியாத சொல்லில் பத்து நிமிஷத்துக்கு மேல் உட்காராதீர்கள். கோடு போட்டுவிட்டு மேலே போங்கள், இரண்டு பக்கம் தள்ளி அதே சொல் தெளிவாக வரும். ரயிலில் புரியாத முகவரியை ஓரமாக ஒதுக்கி, கடைசியில் மொத்தமாகப் பார்ப்போமே, அதே முறைதான்.

மொழி தெரியாவிட்டாலும் விட்டுவிட வேண்டியதில்லை. நுண்ணோக்கியில் கண்டதையெல்லாம் சங்கத்துக்கு எழுதிய டெல்ஃப்ட் துணி வியாபாரி லேவன்ஹுக்குக்கு லத்தீன் தெரியாது. 1673 முதல் சுமார் ஐம்பது வருஷம் டச்சு மொழியிலேயே எழுதினார், ஆரம்பத்தில் ஓல்டன்பர்க் மொழிபெயர்த்துக்கொண்டார். அந்தக் கடிதங்களில் படம் பார்க்கவே ஒரு வாரம் ஆகும். 1674-இல் அவர் கடிதத்தோடு வைத்து அனுப்பிய சின்னப் பொட்டலங்களில் தக்கையின் மெல்லிய சீவலும் மாட்டின் காய்ந்த கண் நரம்புத் துண்டும் இருந்தன. 1981-இல் பிரையன் ஃபோர்டு என்ற ஆய்வாளர் கடிதங்களுக்கிடையே அவற்றைக் கண்டெடுத்தார். முந்நூறு வருஷம் யாருமே மடிப்பைப் பிரித்துப் பார்த்திருக்கவில்லையா என்று எனக்குத் தாங்கவில்லை. பட்டியலில் 'இணைப்பு உண்டு' என்ற மாதிரிக் குறிப்பு தென்பட்டால் தவறாமல் அதையும் திறங்கள்.

நம் ஊரைத் தேடுகிறவர்களுக்கு ஒரு விஷயம். பழைய கடிதங்களை 'தமிழ்' என்று தேடிப் பயனில்லை. அப்போது ஐரோப்பியர் நம் மொழியை 'மலபார்' என்றார்கள். ஊர்களையும் அவர்கள் வாயில் போட்டுப் பாருங்கள்: டிரான்குபார் (தரங்கம்பாடி), டாஞ்சூர், டிரிச்சினாபொலி, ஃபோர்ட் செயின்ட் ஜார்ஜ். அந்தக் கோட்டையில் மருத்துவராக இருந்த சாமுவேல் பிரௌன் மதராஸ் பக்கத்துச் செடிகளைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார். ஜேம்ஸ் பெட்டிவர் என்ற மருந்துக் கடைக்காரர் அவற்றை, உள்ளூர்ப் பெயர்களோடு, 1698 முதல் சங்கத்தின் இதழில் எழுதினார். செடிகள் இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, சங்கத்தில் அல்ல. மறுபடியும் அதே பாடம்தான், எது யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள்.

அந்தச் செடிப் பெயர்களைக் கண்ணால் படித்தால் ஒன்றும் புரியாது. ஆங்கிலக் காதில் விழுந்த தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். ழகரம் எங்கே போனது என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள். உரக்கப் படியுங்கள். பெயரின் வாலில் மரம், கொடி, கீரை ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் தலையைப் பிடியுங்கள். நான் திரைக்கு முன்னால் உட்கார்ந்து கத்திக் கத்திப் படிப்பதைக் கேட்டு, மூன்று செடிகளை என் மனைவி அடுப்படியில் இருந்தபடியே சொல்லிவிட்டாள். நான்காவது கீரையா மூலிகையா என்பதில் எங்களுக்குள் இன்னும் வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.