துருப்பிடித்த தோசைக்கல்லை மறுபடி பழக்குவது எப்படி?

துருவை எடுக்க அரை நாள்கூட ஆகாது. எடுத்த துரு திரும்பி வராமல் பார்ப்பதுதான் பெரும்பாடு. குமரி மாவட்டத்தில் ஜூனில் ஒரு மழை தொடங்கும், அக்டோபரில் இன்னொன்று. குளச்சல், முட்டம் பக்கம் என்றால் உப்புக்காற்று வேறு. இவை போக, நம் அடுக்களையிலேயே ஒரு காரணம் உண்டு: எதற்கும் தேங்காய் எண்ணெய்தான் என்ற பழக்கம். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

தட்டிப் பாருங்கள்

கல்லைக் கைப்பிடியில் தூக்கி, மரக்கரண்டியால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் வேலையைத் தொடங்கலாம். அடைத்த சத்தம் வந்தால் எங்கோ விரிசல் இருக்கிறது. அந்தக் கல்லை அடுப்பில் ஏற்ற வேண்டாம், பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள். இங்கே சொல்லும் முறை வார்ப்பிரும்புத் தோசைக்கல், ஆப்பச்சட்டி, பணியாரக்கல், இரும்பு அச்சுமுறுக்கு அச்சு எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

துரு எடுத்தல்

மேலோட்டமான செந்துரு என்றால் 2 மேசைக்கரண்டி கல்லுப்பு, சில சொட்டு எண்ணெய் விட்டு, கதம்பை (தேங்காய் மட்டை) நாரால் அழுத்தித் தேய்த்தாலே போய்விடும். செதில் செதிலாக ஏறிய துருவுக்கு உப்புத்தாள் வேண்டும். முதலில் 80 நம்பர், பிறகு 120, கடைசியில் 220. தூசி மூக்கில் ஏறும், முகத்தில் துணி கட்டிக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்து தேய்ப்பது நல்லது. பணியாரக் குழிக்குக் கம்பி நார். அச்சின் இதழ் இடுக்குகளுக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ்.

அதற்கும் மசியாத துருவுக்கு வினிகர். வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, கல் மூழ்கும்படி ஊற்றுங்கள். மூழ்கும் அளவுக்குப் பாத்திரம் இல்லையென்றால் துணியை நனைத்துப் போர்த்தலாம். அரை மணி நேரத்தில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள்; மீதி இருந்தால் இன்னொரு அரை மணி. ராத்திரி முழுக்க ஊறவிடக் கூடாது. துரு தீர்ந்ததும் அமிலம் நல்ல இரும்பை அரிக்கத் தொடங்கும், கல் சாம்பல் நிறமாகிச் சொரசொரத்துப் போகும். புளிக்கரைசலும் இதே வேலையைத்தான் செய்யும், கொஞ்சம் மெதுவாக.

குலசேகரம், அருமனை பக்கத்து வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை. ரப்பர் பால் உறைய வைக்கும் ஆசிட் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதே என்று அதை ஊற்றிவிடாதீர்கள். அது பார்மிக் அமிலம். தோலைப் பொசுக்கும், இரும்பையும் தின்னும்.

வடித்த கஞ்சியில் ஊறப்போடும் பழக்கம் புதுக்கல்லின் மண்ணும் கரியும் போக உதவும். ஏறிப்போன துருவுக்கு அதை நம்ப வேண்டாம்.

கழுவி உடனே காயவைத்தல்

ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி ஆப்பச்சோடா கரைத்துக் கழுவினால் மிச்ச அமிலம் அடங்கும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவலாம். கடலோரத்தில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால், கடைசி அலசலுக்கு மட்டும் குடிதண்ணீர் எடுங்கள். உப்பு தங்கினால் துரு வேகமாக ஏறும்.

துடைத்த கையோடு அடுப்பில் வைத்துவிட வேண்டும். துரு நீங்கிய வெறும் இரும்பு ஈரத்தோடு சில நிமிடம் கிடந்தாலே மறுபடி செந்நிறம் படியும். படிந்துவிட்டால் எண்ணெய்த் துணியால் துடைத்துத் தொடருங்கள், பயப்பட ஒன்றுமில்லை.

பழக்குதல்

கல்லின் கறுப்புப் பூச்சு என்பது சூட்டில் இறுகிய எண்ணெய்ப் படலம். இறுகுவதற்கு எண்ணெயில் நிறைவுறாக் கொழுப்பு வேண்டும். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு; அது புகையுமே தவிரச் சரியாக இறுகாது. மாதக்கணக்கில் தேய்த்தும் கல் கறுக்கவில்லை என்று குறைப்படுபவர்கள் பெரும்பாலும் இதைத்தான் தேய்த்திருப்பார்கள். நல்லெண்ணெய் அல்லது சூரியகாந்தி எண்ணெய் எடுங்கள். ஆளி விதை எண்ணெய் சீக்கிரம் இறுகும், ஆனால் பிறகு செதிலாக உரியும். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மிதமான தீயில் கல்லை 5 நிமிடம் சூடாக்கி அணையுங்கள். அரைத் தேக்கரண்டி எண்ணெயைப் பருத்தித் துணியில் தொட்டு, உள்ளே, வெளியே, கைப்பிடி என எங்கும் பூசுங்கள். அடுத்து ஒரு காய்ந்த துணி எடுத்து, பூசியதையெல்லாம் துடைத்தெடுங்கள். "எல்லாம் போய்விட்டதே" என்று தோன்றும் வரை துடைக்க வேண்டும். மிஞ்சுகிற அந்த மெல்லிய மினுக்கமே போதும். மீண்டும் மிதமான தீயில் வைத்தால் புகை கிளம்பும், 10 முதல் 15 நிமிடத்தில் அடங்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். கல் பெரிதாகவும் பர்னர் சிறிதாகவும் இருந்தால் அவ்வப்போது நகர்த்திக் கொடுங்கள், இல்லையென்றால் நடுவில் மட்டும் கறுக்கும். தானாக ஆறியதும் அடுத்த பூச்சு. தோசைக்கல்லுக்கு 4 பூச்சு போதும், ஆப்பச்சட்டிக்கு 6 ஆவது வேண்டும். ஆப்ப மாவில் சீனியோ இனிப்பு இளநீரோ சேர்வதால் அது சீக்கிரம் ஒட்டிப் பிடிக்கும்.

தொட்டால் பிசுபிசுத்தால் எண்ணெய் கூடிவிட்டது என்று அர்த்தம். எண்ணெய் விடாமல் இன்னொரு முறை புகைய வையுங்கள். அப்போதும் போகாவிட்டால் உப்பு போட்டுத் தேய்த்துவிட்டு மறுபூச்சு. பூச்சு பொரிந்து உரிந்தால் அடியில் ஈரமோ துருவோ இருந்திருக்கிறது, அந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் எடுத்துத் திருப்பிச் செய்யலாம்.

புழக்கத்தில்

முதலில் ஏத்தங்காய் சிப்ஸ், பப்படம் போல எண்ணெயில் பொரிப்பவையாகச் செய்யுங்கள். இதற்குத் தேங்காய் எண்ணெயைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், அடியில் படலம் ஏற்கெனவே இருக்கிறதே. புளி, குடம்புளி, தக்காளி, மாங்காய் எல்லாம் பூச்சைக் கரைக்கும். மீன்குழம்பு மண்சட்டியிலேயே இருக்கட்டும். சாளை, அயிலை பொரித்த வாடை போக, கல்லுப்பைப் போட்டுச் சூடாக்கித் துடைத்தால் போதும். சுடுகல்லில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், வார்ப்பிரும்பு வெடித்துவிடும்.

ஒவ்வொரு முறையும் கழுவி, அடுப்பில் ஈரம் உலர்த்தி, மெல்லிய எண்ணெய் தடவி வையுங்கள். அடுக்கும்போது இடையில் செய்தித்தாள் வைத்தால் ஈரத்தை உறிஞ்சும். மூடி போட்டு அடைக்க வேண்டாம், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் வைக்கவும் வேண்டாம். கிறிஸ்துமஸ் முடிந்து அடுத்த வருடம் வரை சும்மா கிடக்கும் அச்சுமுறுக்கு அச்சுக்குத்தான் துரு அதிகம். எண்ணெயில் நனைத்த துணியில் சுற்றி, மழைக்கு முன் ஒரு தடவை எடுத்துப் பார்த்துத் துணியை மாற்றுங்கள்.