காமாக் கதிர் இரட்டை விண்மீன்கள்: வரைபைப் பார்த்ததும் செய்யும் தவறுகள்

ஒரு பெரிய விண்மீனும், அதைச் சுற்றும் கருந்துளை அல்லது நியூத்திரன் விண்மீன் போன்ற அடர்ந்த துணைப்பொருளும் சேர்ந்து, பெரும்பாலும் காமாக் கதிராகவே சக்தியை வெளிவிடும் தொகுதிகள்தான் காமாக் கதிர் இரட்டை விண்மீன்கள். அந்தக் கதிர் எங்கிருந்து வருகிறது என்று கொழும்பில் தமிழ் மூலம் உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகளிடம் கேட்டால் முதலில் வரும் பதில், "விண்மீன் அவ்வளவு சூடு, அதனால்தான் காமாக் கதிர்" என்பது. கணக்குப் போட்டாலே இது நிற்காது. எல்.எஸ். 5039 என்ற தொகுதியின் பெரிய விண்மீனுக்கு மேற்பரப்பு வெப்பநிலை ஏறத்தாழ 39,000 கெல்வின். அதிலிருந்து வரும் ஒளித்துகளுக்குச் சராசரியாக 10 இலத்திரன்வோல்ற்றளவு சக்தி. நமீபியாவிலுள்ள ஹெஸ் தொலைகாட்டிகள் அங்கிருந்து பிடிப்பதோ ஒரு இலட்சம் கோடி இலத்திரன்வோல்ற்றையும் தாண்டிய கதிர்கள். விண்மீனுக்கு அருகே, வெப்பத்தோடு சம்பந்தமில்லாத வழியில் முடுக்கப்பட்ட இலத்திரன்கள் அதன் ஒளித்துகள்களில் மோதிச் சக்தியை ஏற்றிவிடுகின்றன. நேர்மாறு கொம்ப்டன் சிதறல் என்பது இதுதான்.

சரி, அடுத்தது கொஞ்சம் படித்தவர்களும் விழும் குழி: நேரத்தோடு பிரகாசம் மாறுவதைக் காட்டும் வரைபு கீழே போனால் அங்கே காமாக் கதிர் உற்பத்தி குறைந்துவிட்டது என்று எழுதிவிடுவது. எல்.எஸ். 5039-இல் துணைப்பொருள் 3.9 நாளுக்கு ஒரு சுற்று வருகிறது. அது விண்மீனுக்குப் பின்னால் போகும்போது ஹெஸ் காணும் கதிர் மிகவும் மங்கும். அதே வேளையில் ஃபெர்மி செயற்கைக்கோள் காணும், சக்தி குறைந்த காமாக் கதிர் பிரகாசமாகிறது! காரணம், நம்மை நோக்கி வரும் உயர்சக்திக் கதிர் விண்மீனின் ஒளிக்குள் புகுந்துதான் வரவேண்டும். வழியில் ஒளித்துகளோடு மோதி இலத்திரன்-பொசித்திரன் (இலத்திரனின் எதிர்த்துகள்) சோடியாக மாறிவிடுகிறது. சக்தி குறைந்தவற்றுக்கு அந்தக் கண்டம் இல்லை. மேலும், அந்த நிலையில் இலத்திரனும் ஒளித்துகளும் ஏறத்தாழ நேருக்கு நேர் மோதுவதால் சிதறலும் கூடுகிறது. ஒரே ஒரு கருவியின் வரைபை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பல்சரின் (சுழன்றபடி ஒழுங்காகத் துடிப்பு அனுப்பும் நியூத்திரன் விண்மீன்) துடிப்பு தெரியவில்லை என்பதால் துணைப்பொருளைக் கருந்துளை என்று முடிவுகட்டுவதும் இதே ரகம். எல்.எஸ்.ஐ +61 303 என்ற இன்னொரு தொகுதியின் துணைப்பொருள் எது என்று பல ஆண்டு நடந்த வாதத்துக்கு நடுவே, சீனாவின் ஃபாஸ்ட் ரேடியோ தொலைகாட்டி 0.269 செக்கன் துடிப்பைப் பிடித்ததாக 2022-இல் அறிவிப்பு வந்தது. பி1259-63 என்ற வேறொரு தொகுதியில் பல்சர் இருப்பது சந்தேகமில்லாதது. ஆனாலும் அது விண்மீனை நெருங்கும் வாரங்களில் ரேடியோத் துடிப்பு மறைந்துவிடும். விண்மீனைச் சுற்றியுள்ள வாயுத்தட்டின் வேலை.

இந்தத் தொகுதிக்கு ஒரு சுற்று ஏறத்தாழ 1237 நாள். மிக நெருங்கும் நாளில்தான் உச்சம் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான்: 2010 டிசம்பரில் நெருங்கியது, ஃபெர்மி கண்ட பெரிய எழுச்சி 2011 ஜனவரியில்தான் தொடங்கியது. ஏன் இந்தத் தாமதம் என்பதில் இன்னும் ஒருமித்த விளக்கம் இல்லை.

காமாக் கதிர் வெடிப்போடு இவற்றைக் குழப்புகிறவர்களும் உண்டு. அது ஒருமுறை வெடித்து முடிவது. இவை சுற்றிச் சுற்றி வருபவை. அவ்வளவுதான்.

அப்புறம், பார்ப்பது பற்றி. பி1259-63-இன் விண்மீன் தென்சிலுவையின் அடி விண்மீனுக்கு 4 பாகை கிழக்கே, பத்தாம் பருமனில் (வெறும் கண்ணுக்குத் தெரியாத மங்கலில்) இருக்கிறது. மே மாத இரவு ஒன்பது மணிக்கு வெள்ளவத்தைக் கடற்கரையில் தெகிவளைப் பக்கம் திரும்பினால், மேகம் விட்டால், சிறிய தொலைகாட்டிக்கு அகப்படும். ஆனால் தெரிவது விண்மீனின் சாதாரண ஒளிதான்; காமாக் கதிர் வளிமண்டலத்தைத் தாண்டி வராது. ஹெஸ் பிடிப்பதும் காமாக் கதிர் மேலே காற்றில் மோதிக் கிளப்பும் மங்கலான நீல ஒளியை, அதாவது செரன்கோவ் ஒளியைத்தான். அடுத்த நெருக்கம் 2027 நவம்பரில். அப்போது இங்கே தென்சிலுவை மாலை வானில் இருக்காது, ஆகவே ஃபெர்மியின் தரவைத்தான் பார்க்கவேண்டும். டிசம்பர் முடிந்தும் விடாமல்.