சாப்பிட்டதும் நடையைக் கட்டுங்கள்

புதுச்சேரியிலோ கடலூரிலோ நாலு பேர் கூடி உட்கார்ந்தால், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் சுகரில் வந்து நிற்கிறது. யாருக்கு எவ்வளவு, வெறும் வயிற்றில் எவ்வளவு, எந்த மாத்திரை என்று. காரணம் இல்லாமல் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் துணையோடு நாடு முழுக்க நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வில், புதுச்சேரியின் பெரியவர்களில் 26.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. அதாவது நாலில் ஒருவர். நாட்டின் சராசரி 11.4 சதவீதம்தான். நமக்கு மேலே இருந்தது கோவா மட்டும், அதுவும் 26.4. கடலூர்க்காரர்களும் இதைத் தங்களுக்கும் சேர்த்தே படித்துக்கொள்ளலாம், எல்லையை ஒட்டிய ரெட்டிச்சாவடி தாண்டியதும் சாப்பாடும் பழக்கமும் மாறிவிடுவதில்லையே.

இதைக் கேட்டதும் எல்லாரும் எடுக்கிற முடிவு ஒன்றுதான்: நாளையிலிருந்து காலை ஐந்து மணிக்கு எழுந்து வாக்கிங். புது ஷூ வாங்குவார்கள், ஒரு வாரம் போவார்கள், அப்புறம் ஒரு கல்யாணம், ஒரு மழை, ஒரு நாள் இரவு லேட்டாகப் படுத்தது, அதோடு முடிந்தது. கடையில் உட்கார்ந்தும், ஆபீசில் உட்கார்ந்தும், கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவே பஸ்ஸில் உட்கார்ந்தும் நாளை ஓட்டுகிறவருக்குத் தனியாக ஒரு மணி நேரம் கிடைப்பது கஷ்டம். அதனால் தனி நேரம் தேட வேண்டாம். மூன்று வேளையும் எப்படியும் சாப்பிடுகிறோம். சாப்பிட்டு முடித்ததும் பத்துப் பத்து நிமிடம் நடங்கள், அந்தப் பத்து நிமிடமும் மனசை வேறெங்கும் அனுப்பாமல் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதன் மேல் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஏன் சாப்பிட்ட பிறகு?

சோறோ இட்லியோ உள்ளே போனதும் அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாகி ரத்தத்தில் ஏறத் தொடங்கும். அந்த நேரம் பார்த்துக் கால் தசைகள் வேலை செய்தால், அவை அந்தச் சர்க்கரையை எரிபொருளாக இழுத்துக்கொள்ளும். வேலை செய்கிற தசை இன்சுலின் சரியாகக் கைகொடுக்காதபோதும் சர்க்கரையை உள்ளே வாங்கிக்கொள்ளும் என்பதுதான் இதில் முக்கியமான விஷயம். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வகை சர்க்கரை நோய் உள்ள 41 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2016இல் வெளியானது. தினமும் ஏதோ ஒரு நேரத்தில் ஒரேயடியாக அரை மணி நேரம் நடந்ததைவிட, ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் பத்து நிமிடம் நடந்தபோது சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் எடுத்துப் பார்த்தால் 22 சதவீதம்.

இரவுச் சாப்பாடுதான் நம்மிடம் பெரிய சாப்பாடு. எட்டரை, ஒன்பதுக்கு பரோட்டாவோ தோசையோ வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, டிவி முன்னால் கொஞ்சம், படுக்கையில் செல்போனோடு கொஞ்சம் என்று தூங்கிவிடுகிறோம். உண்ட களைப்பு தொண்டனுக்கும் உண்டு என்பது சரிதான், அந்தக் களைப்போடு பத்து நிமிடம் நடந்துவிட்டு வந்து படுங்கள் என்பதுதான் நான் கேட்பது. மூன்றையும் ஒரே நாளில் தொடங்க முடியாதென்றால் இரவு நடையை மட்டும் முதலில் பிடியுங்கள்.

கணக்கும் சரியாகவே வரும். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு நாளைக்கு முப்பது நிமிடம், ஐந்து நாள், தீர்ந்தது. அதை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேகம் எவ்வளவு என்று கேட்டால், கூட வருகிறவரிடம் பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியக்கூடாது. சாப்பிட்ட உடனே அந்த வேகம் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் முதல் ஐந்து நிமிடம் மெதுவாகவே போங்கள்.

மனசு சொல்லும் சாக்குகள்

"எங்க பரம்பரைக்கே சுகர், எனக்கும் வரத்தான் போகுது." இதைச் சொல்லாத குடும்பம் நம் பக்கத்தில் குறைவு. பரம்பரை உண்மைதான், மறுக்க முடியாது. ஆனால் அப்பாவிடமிருந்து நமக்கு வந்தது ரத்தம் மட்டும் இல்லை, அவர் சாப்பிட்ட விதமும், சாய்வு நாற்காலியும், டீயில் மூன்று ஸ்பூன் சர்க்கரையும் சேர்ந்தே வந்திருக்கின்றன. ரத்தத்தை மாற்ற முடியாது, மீதியை மாற்றலாம். வீட்டில் யாருக்காவது சுகர் இருந்தால் நீங்கள்தான் முதலில் நடக்கத் தொடங்க வேண்டியவர்.

இன்னொரு சாக்கு, "நேரம் கிடைச்சா பார்க்கலாம்." நேரம் கிடைக்காது. ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் எழுதிய கட்டுரை இதைப் பற்றித்தான். செய்ய வேண்டும் என்று பொதுவாக நினைப்பவர்களைவிட, இது நடந்ததும் இதைச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டவர்கள் சொன்னதைச் செய்கிறார்கள். ஆகவே "தினமும் நடப்பேன்" என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். "தட்டைக் கழுவி வைத்ததும் செருப்பை மாட்டுவேன்" என்று சொல்லுங்கள், வாய்விட்டே சொல்லுங்கள், வீட்டில் உள்ளவர்கள் காதில் விழட்டும். மதியம் ஆபீசில் என்றால் "டிபன் பாக்ஸை மூடியதும் எழுந்துவிடுவேன்."

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று பலர் சொல்வார்கள், அதை நம்பி 22ஆம் நாள் சோர்ந்துபோக வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரைத் தொடர்ந்து கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக வரும் அளவுக்குப் பழக சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளிலேயே வந்தது, சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு காட்டியது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை. ஆகவே நேற்று விட்டுப்போச்சே என்று வருந்தாமல் இன்று நடங்கள்.

எங்கே நடப்பது?

புதுச்சேரி நகரத்துக்குள் இருப்பவர்களுக்குக் கவலையே இல்லை. பீச் ரோட்டில் மாலை ஆறு மணிக்கு மேல் காலை ஏழரை வரை வண்டிகள் விடுவதில்லை, பழைய கலங்கரை விளக்கம், காந்தி சிலை என்று ஒரு கிலோமீட்டருக்கு மேல் தாராளமாக நடக்கலாம். கடலூரில் தேவனாம்பட்டினம் வெள்ளி கடற்கரை இருக்கிறது. ஆனால் கடற்கரைக்குப் போனால்தான் வாக்கிங் என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு ஒரு நாள்தான் நடக்கும். மஞ்சக்குப்பத்திலோ முதலியார்பேட்டையிலோ உங்கள் தெருவிலேயே இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடங்கள். இரவில் தெரு நாய்த் தொல்லை இருந்தால் மொட்டை மாடி போதும். அதுவும் இல்லையா, ஹாலிலிருந்து அடுப்படி, அடுப்படியிலிருந்து ஹால். ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் நம் ஊரில் வேறு வழியும் இல்லை, அதனால் வீட்டுக்குள் எந்த வழியாக நடப்பது என்று இப்போதே ஒரு முறை நடந்து பார்த்து முடிவு செய்துவிடுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் மதிய நடையை நிழலுள்ள வராந்தாவிலோ மாடிப்படியிலோ வைத்துக்கொள்ளலாம், கடல்காற்று ஏறும் வரை வெளியே போக வேண்டாம்.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பல வீடுகளில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிட்டு, பாத்திரம் தேய்த்து, மேடையைத் துடைத்து, காலைக்கு மாவை எடுத்து வைத்துப் பெண்கள் நிமிரும்போது மணி பத்து. அதற்கு மேல் அவர்களை நடக்கச் சொன்னால் எப்படி நடப்பார்கள்? எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். பாத்திரத்தை ஆண்களும் பிள்ளைகளும் பங்கு போட்டுத் தேய்க்கட்டும். அப்புறம் எல்லாரும் சேர்ந்து கிளம்பலாம். இதைச் சரிசெய்யாமல் வீட்டில் எல்லாருக்கும் ஆரோக்கியம் என்று பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

பஸ்ஸில் போய்வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1953இல் பிரிட்டிஷ் மருத்துவர் ஜெரமி மோரிஸ் லண்டன் மாடி பஸ்களின் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்திருந்த டிரைவர்களைவிட, படியில் ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. உடலுழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை முதலில் தெளிவாகக் காட்டிய ஆய்வுகளில் அது ஒன்று. நம்மால் செய்யக்கூடியது: இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு ஒன்று முன்னாலேயே இறங்கி நடப்பது, முழங்கால் இடம் கொடுத்தால் லிஃப்டை விட்டுவிடுவது.

தோப்புக்கரணம்

நடை மட்டும் போதாது, வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். அதற்கு ஜிம் தேடிப் போக வேண்டியதில்லை. மணக்குள விநாயகர் முன்னால் நாம் போடுகிற தோப்புக்கரணமே நல்ல பயிற்சி, ஆனால் கோயிலில் அவசரமாக மூன்று முறை லேசாக முழங்காலை மடக்குவதைச் சொல்லவில்லை. கால்களைத் தோள் அகலத்துக்கு வையுங்கள். இடது கையால் வலது காதையும், அதன் மேலாக வலது கையைக் குறுக்கே கொண்டுபோய் இடது காதையும் பிடியுங்கள். மூச்சை இழுத்தபடி, பின்னால் ஒரு ஸ்டூல் இருப்பதாக நினைத்து இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி மெதுவாக இறங்குங்கள். குதிகால் தரையை விட்டு எழும்பக்கூடாது, முழங்கால்கள் உள்பக்கம் சாயக்கூடாது. மூச்சை விட்டுக்கொண்டே எழுந்திருங்கள். மூச்சை அடக்க வேண்டாம், பிரஷர் உள்ளவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். ஐந்தில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுங்கள்.

என் பெரியம்மாவுக்கு முழங்கால் வலி. இதைச் சொன்னபோது, "ஏன்டா தம்பி, நான் கீழ உட்கார்ந்தா தூக்கிவிட ஆள் வேணும், தோப்புக்கரணம் போடச் சொல்றியே" என்றார். அவருக்குச் சொன்னது வேறு: கையில்லாத மர நாற்காலியில் உட்கார்ந்து, ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எழுவது, மறுபடி மெதுவாக உட்காருவது. தொப்பென்று விழாமல் கடைசி வரை காலாலேயே தாங்கி உட்கார வேண்டும், தொடை அங்கேதான் வேலை செய்கிறது. இப்போது கம்பியை விரல் நுனியால் தொட்டுக்கொண்டே எழுந்துவிடுகிறார்.

மனசைக் கூட வைத்துக்கொள்வது

2010இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2,250 பேரிடம் ஐபோன் வழியாகத் திடீர் திடீரென்று கேட்டார்கள்: இப்போது என்ன செய்கிறீர்கள், என்ன நினைக்கிறீர்கள், எப்படி இருக்கிறீர்கள்? கேட்ட நேரங்களில் 46.9 சதவீதம் மனசு செய்கிற வேலையில் இல்லை, வேறெங்கோ இருந்தது. அப்படி அலைந்த நேரங்களில் அவர்கள் அவ்வளவு மகிழ்ச்சியாகவும் இல்லை. நமக்கும் இது தெரிந்ததுதானே, சாப்பிடும்போது ஆபீஸ், ஆபீசில் இருக்கும்போது வீட்டுக் கடன்.

இரவு நடைக்குப் போகும்போது செல்போனை வீட்டில் வையுங்கள், தனியாகப் போகிறவர்கள் பத்திரத்துக்காக எடுத்துப்போனால் பாக்கெட்டிலேயே இருக்கட்டும், காதில் எதுவும் வேண்டாம். முதலில் பாதத்தைக் கவனியுங்கள், குதிகால் பட்டு, பாதம் படிந்து, விரல்கள் உந்தி எழுவதை. அப்புறம் காதுக்கு வருவதைக் கேளுங்கள்: யார் வீட்டிலோ குக்கர் விசில், தூரத்தில் பஸ் ஹார்ன், கடற்கரைப் பக்கம் என்றால் அலை பாறையில் மோதுவது. நாளைக்குக் கட்ட வேண்டிய தவணை நடுவில் ஞாபகம் வரும். வரட்டும், அதோடு சண்டை போடாமல் மறுபடி பாதத்துக்கு வாருங்கள். நூறு முறை போனால் நூறு முறை கூட்டி வாருங்கள், அப்படிக் கூட்டி வருவதுதான் பயிற்சியே. 1979இல் ஜான் கபாட்-ஜின் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தீராத வலியோடு வந்த நோயாளிகளுக்குத் தொடங்கிய பயிற்சியிலும் அடிப்படை இதுதான்.

பஸ்ஸுக்காக நிற்கிற நேரத்தில் மூச்சைக் கவனிக்கலாம். நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும், வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணியும். தலை சுற்றினால் நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள். டீ குடிக்கும்போது முதல் மூன்று மிடறை மட்டுமாவது வேறெதுவும் செய்யாமல் குடியுங்கள், கிளாஸின் சூடு, இஞ்சியோ ஏலக்காயோ முதலில் மூக்கில் ஏறுவது, தொண்டையில் இறங்குவது. இப்படிக் கவனித்துக் குடிக்கும்போது சர்க்கரை எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்பதும் நாக்குக்குத் தெரியும், அரைச் சர்க்கரை கேட்கத் தோன்றும்.

சில எச்சரிக்கைகள்

பல வருடமாகச் சுகர் உள்ளவர்கள் கடற்கரை மணலில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். பாதம் மரத்துப்போயிருந்தால் கிளிஞ்சலோ கண்ணாடியோ குத்தியதுகூடத் தெரியாது, தெரியும்போது புண்ணாகியிருக்கும். வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலை வெளிச்சத்தில் பாருங்கள், குனிய முடியாவிட்டால் கண்ணாடி வைத்தோ பிள்ளைகளை விட்டோ பாருங்கள். இன்சுலினோ சுகர் மாத்திரையோ எடுக்கிறவர்கள் சட்டைப் பையில் நாலைந்து மிட்டாய் வைத்திருங்கள், கை நடுங்கி வியர்த்துக் கொட்டினால் உடனே வாயில் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். நடக்கும்போது நெஞ்சை அழுத்தினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே டாக்டரைப் பாருங்கள், வாயு என்று சோடா குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். நடக்கத் தொடங்கிவிட்டோம் என்று மாத்திரையை நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம்.

மனசு வாரக்கணக்கில் பாரமாகவே இருக்கிறது, தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் நடையும் மூச்சும் துணைக்கு உதவும், ஆனால் அதோடு விட்டுவிடக் கூடாது. மத்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, இலவசம், இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.