கல்லூரி முதலாண்டில் ஆய்வுக் கட்டுரை எழுதுவது எப்படி? நம்ம ஊர்ப் பாலத்தை வைத்து ஒரு செய்முறை விளக்கம்

பாளையங்கோட்டையில் முதலாண்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் எடுக்கிறேன். "ஏதாவது ஒரு பொருளில் பத்துப் பக்கத்துக்கு ஆய்வுக் கட்டுரை எழுதி வாங்க" என்று சொன்னதும் வருஷா வருஷம் வகுப்பில் எழும் முதல் குரல் ஒன்றுதான்: "ஐயா, தலைப்பை நீங்களே கொடுத்திருங்க." பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று எழுதியே மார்க் வாங்கி வந்தவர்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. பள்ளிக்கூடக் கட்டுரையில் தெரிந்ததைச் சொன்னால் போதும். ஆய்வுக் கட்டுரைக்குத் தெரியாத ஒன்றைத் தேடிப் போக வேண்டும். இதை யாரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பதில்லை. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகளுக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆள் இல்லை. அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரே ஓர் உதாரணத்தை எடுத்துக் கடைசி வரைக்கும் கூட்டிக்கொண்டு போகிறேன். நெல்லையில் நாம் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் கடக்கிற சுலோசன முதலியார் பாலம். திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைத்துத் தாமிரபரணியின் குறுக்கே 1843இல் திறந்த பாலம். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, வேலை பார்த்த சுலோசன முதலியார் தம் கைப்பணத்தில் கட்டிக் கொடுத்தது. அவருடைய மனைவி தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார் என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள்.

படி 1: கேள்வியைக் கண்டுபிடியுங்கள்

"சுலோசன முதலியார் பாலம்" என்று நோட்டில் எழுதினால் அது வெறும் தலைப்பு. அதை வைத்துக்கொண்டு என்ன தேடுவது? கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளி வைப்பீர்கள். பத்துப் பக்கமும் நிரம்பிவிடும். படிப்பவருக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காது. "நெல்லையின் சிறப்புகள்", "தாமிரபரணியின் பெருமை" என்றெல்லாம் வருகிற கட்டுரைகள் இப்படித்தான் வீணாகின்றன.

கேள்வியாக மாற்றிப் பாருங்கள். "மனைவி நகை கொடுத்த கதை அச்சில் முதலில் எங்கே, எப்போது வருகிறது?" இப்போது தேட ஒரு பொருள் இருக்கிறது. எந்தப் புத்தகத்தைத் திறக்க வேண்டும், எதை மூடி வைக்கலாம் என்பதும் புரிகிறது.

நல்ல கேள்விதானா என்று பார்க்க நான் பிள்ளைகளிடம் இரண்டு சோதனை வைப்பேன். ஒன்று, அதற்கான விடை உங்களுக்கு இப்போதே தெரியுமா? தெரிந்தால் வேறு கேள்வி தேடுங்கள். இரண்டு, டவுன் பஸ்ஸும் ஒரு நூலகமும் கையிலுள்ள போனும் இருந்தால் மூன்று வாரத்தில் விடையை நெருங்க முடியுமா? முடியாதென்றால் கேள்வி பெரிது, இன்னும் குறுக்குங்கள். பத்தமடைப் பாயைப் பற்றி எழுத ஆசையா? கோரையைப் பற்றிப் பொதுவாக எழுதாமல், மணமக்கள் பெயரை நெய்து தருகிற கல்யாணப் பாய்க்கு இன்றைக்கு யார் ஆர்டர் கொடுக்கிறார்கள் என்று போய்க் கேளுங்கள். கூந்தன்குளத்தில் பறவைகளுக்காக ஊரார் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த வழக்கம் எந்தக் காலத்தில், யார் பேச்சால் வந்தது என்பது அருமையான கேள்வி.

கேள்வி கிடைத்ததும் நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள். பாதி வழியில் அது மாறலாம். மாறினால் பழையதை அடித்துவிட்டுப் புதியதைத் தேதி போட்டு எழுதுங்கள்.

படி 2: சான்றுகளைத் தேடுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஆகும். ஆகட்டும், அவசரப்படாதீர்கள்.

முதலில் விக்கிப்பீடியா பார்க்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாகப் பாருங்கள். ஆனால் அது வாசல் திண்ணை மாதிரி. அங்கேயே தங்கிவிடக் கூடாது. எந்தெந்தப் புத்தகத்தின் பெயர் வருகிறது என்று குறித்துக்கொண்டு உள்ளே போங்கள்.

நெல்லை வரலாறு என்றதும் எல்லாரும் சொல்வது கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி மாவட்ட வரலாறு. பாலம் திறந்தபோது கால்டுவெல் இதே மாவட்டத்தில் இடையன்குடியில்தான் இருந்தார். அப்படியானால் பாலத்தைப் பற்றி விரிவாக எழுதியிருப்பார் என்றுதானே தோன்றும்? நூலின் முழுத் தலைப்பைப் படியுங்கள். ஆதி காலம் தொட்டு 1801இல் ஆங்கிலேயர் கைக்கு மாவட்டம் போனது வரைக்கும் என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது. 1843இல் வந்த பாலத்துக்கு அந்த நூலைப் பக்கம் பக்கமாகப் புரட்டினால் ஒரு வாரம் போய்விடும். புத்தகத்தைத் திறந்ததும் முழுத் தலைப்பு, வெளியான ஆண்டு, பொருளடக்கம் மூன்றையும் பாருங்கள். ஐந்து நிமிஷ வேலைதான்.

நம் கேள்விக்கு வேண்டியவை ஸ்டூவர்ட் தொகுத்து 1879இல் வந்த மாவட்டக் கையேடும், பேட் எழுதி 1917இல் வந்த கெசட்டியரும் (அரசாங்கம் வெளியிட்ட மாவட்ட விவர நூல்). ஒன்று பாலம் திறந்து 36 ஆண்டுக்குப் பிறகு வந்தது, மற்றது 74 ஆண்டுக்குப் பிறகு வந்தது. ஆகவே படிக்கும்போது ஓரத்தில் ஒரு கேள்வி எழுதிக்கொள்ளுங்கள்: இதை எழுதியவர் எதைப் பார்த்து எழுதினார்? அரசாங்கக் காகிதத்தையா, முந்தின புத்தகத்தையா, ஊர்ப் பேச்சையா? கதை அந்த நூல்களில் இருக்கிறதா இல்லையா என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை. அதைத் தேடும் சந்தோஷம் உங்களுடையது.

பழைய நூல்கள் பல இண்டர்நெட் ஆர்க்கைவ் தளத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா என்ற இணையதளம். ஆங்கிலத்தில் தேடும்போது இன்றைய எழுத்துக்கூட்டலை மட்டும் போட்டால் பாதி நூல் கண்ணில் படாது. வெள்ளைக்காரர்கள் திருநெல்வேலியை "டின்னவெல்லி" (Tinnevelly) என்றும் பாளையங்கோட்டையை "பாளம்கோட்டா" (Palamcottah) என்றும் எழுதினார்கள். அந்தப் பழைய எழுத்துக்கூட்டலை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு தேடுங்கள்.

இங்கே இரண்டு குழிகள் இருக்கின்றன, பார்த்து நடக்க வேண்டும். முதலாவது, "திருநெல்வேலி மாவட்டம்" என்ற பெயர். 1910இல் ராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர் பக்கமெல்லாம் நம்மை விட்டுப் போயின. 1986இல் தூத்துக்குடி பிரிந்தது. 2019இல் தென்காசி பிரிந்தது. இடையில் சில காலம் நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் என்றும் பெயர் இருந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் திருநெல்வேலி மாவட்டம் 30,77,233 பேர் என்றால், அதில் தென்காசிக்காரர்களும் சேர்த்திதான். இதை இன்றைய மாவட்டத்தின் எண்ணோடு ஒப்பிட்டு "மக்கள்தொகை குறைந்துவிட்டது" என்று ஒரு மாணவர் எழுதி வந்தார். நல்ல உழைப்பாளி, எண்ணும் சரியாகத்தான் இருந்தது. எல்லைக்கோடு மாறியதை மட்டும் கவனிக்கவில்லை. எந்த எண்ணை எடுத்தாலும் அது எந்த ஆண்டின் எல்லைக்குள் எடுத்த எண் என்று பக்கத்தில் குறித்து வையுங்கள்.

இரண்டாவது, ஒரே தகவல் ஐந்து இடத்தில் இருப்பதால் ஐந்து சான்று ஆகிவிடாது. ஒருவர் எழுதியதை நாலு பேர் எடுத்துப் போட்டிருந்தால் அது ஒரே சான்று. முதலில் எழுதியவர் யார் என்று பின்னோக்கிப் போங்கள்.

படி 3: பெரியவர்களிடம் கேளுங்கள்

கொக்கிரகுளம், வண்ணார்பேட்டைப் பக்கம் வயசானவர்கள் இந்தக் கதையைச் சொல்வார்கள். "கதையைச் சொல்லுங்க தாத்தா" என்றால் அவர் கதையை மட்டும் சொல்லி முடித்துவிடுவார். "இதை உங்களுக்கு யார் சொன்னா? அப்ப உங்களுக்கு என்ன வயசு?" என்று சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். "எங்க ஆச்சி சொல்லுவா. அவளுக்கு அவ மாமியா சொன்னாளாம்" என்று பதில் வந்தால், அந்த ஒரு வரியில் மூன்று தலைமுறை பின்னால் போய்விட்டீர்கள். அதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள், திருத்த வேண்டாம். பதிவு செய்வதற்கு முன் அனுமதி கேளுங்கள், பெயர் போடலாமா என்றும் கேளுங்கள். வேண்டாம் என்றால் "கொக்கிரகுளத்தில் வசிக்கும் ஒரு பெரியவர்" என்று போட்டால் போதும்.

படி 4: குறிப்பு எடுக்கும் முறை

புத்தகத்தின் சொல்லை அப்படியே எழுதினால் நீல மை. உங்களுக்குத் தோன்றியதை எழுதினால் சிவப்பு மை. இதை ஒரு நாளும் மாற்றாதீர்கள். இரண்டு வாரம் கழித்து நோட்டைத் திறக்கும்போது எது அவர் சொன்னது, எது நாம் நினைத்தது என்று நினைவிருக்காது. தெரியாமல் நடக்கிற திருட்டு அங்கேதான் தொடங்குகிறது.

ஒவ்வொரு குறிப்புக்கும் தலையில் ஆசிரியர் பெயர், நூல், ஆண்டு, பக்க எண். பக்க எண்ணை மட்டும் விட்டுவிடாதீர்கள். நான் ஆய்வு செய்த காலத்தில் ஒரே ஒரு பக்க எண்ணைக் குறிக்க மறந்து, அதற்காக மறுபடியும் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். நெல்லை எக்ஸ்பிரஸில் போக ஒரு ராத்திரி, வர ஒரு ராத்திரி. அந்தப் பக்கத்தைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

படி 5: சொந்த நடையில் எழுதுங்கள்

ஒரு நூலில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: "தாமிரபரணி இரு பருவமழைகளாலும் நீர் பெறுவதால் வற்றாத நதியாக விளங்குகிறது."

இதைப் பலர் இப்படி மாற்றுகிறார்கள்: "பொருநை ஆறு இரண்டு பருவ மழையாலும் தண்ணீர் பெறுவதால் வற்றாத ஆறாகத் திகழ்கிறது." நதியை ஆறு ஆக்கி, விளங்குகிறதைத் திகழ்கிறது ஆக்கினால் அது சொந்த நடை ஆகாது. வாக்கியத்தின் எலும்பு அவருடையதாகவே இருக்கிறது.

புத்தகத்தை மூடுங்கள். இந்தத் தகவல் என் கேள்விக்கு எதற்கு உதவும் என்று யோசியுங்கள். அப்புறம் எழுதுங்கள்: "தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் இந்த ஆற்றில் தண்ணீர் வரும். ஆகவே இரு கரைக்கும் நடுவே கால் நனையாமல் போய் வருவது அன்றைக்கு வருஷத்தில் ஓரிரு மாதத்தோடு தீர்கிற சிரமமாக இருந்திருக்காது என்று கருதுகிறேன்." முதல் வாக்கியத் தகவலுக்கு நூலின் பெயரும் பக்கமும் கொடுத்துவிடுங்கள். இரண்டாவது உங்கள் ஊகம். "கருதுகிறேன்" என்ற சொல் அதைக் காட்டிக் கொடுக்கிறது. சான்று எது, ஊகம் எது என்று படிப்பவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். முதலாண்டில் இந்த ஒன்றைக் கற்றுக்கொண்டால் எனக்கு அது போதும்.

படி 6: கட்டுரையை எழுதுங்கள்

"வரலாற்றுச் சிறப்புமிக்க நெல்லைச் சீமையில்" என்று தொடங்காதீர்கள். முதல் பத்தியிலேயே கேள்வியை வையுங்கள்: ஊரில் இப்படி ஒரு கதை இருக்கிறது, அது அச்சில் எப்போது வந்தது என்று தேடினேன், இன்னின்ன நூல்களைப் பார்த்தேன். அவ்வளவுதான்.

அதன்பின் ஒரு பத்திக்கு ஒரு செய்தி. செய்தியைச் சொல்லுங்கள், சான்றைக் காட்டுங்கள், அந்தச் சான்றிலிருந்து என்ன தெரிகிறது என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். மேற்கோளை மட்டும் ஒட்டிவிட்டு அடுத்த பத்திக்குத் தாவுவதுதான் நான் அதிகம் பார்க்கிற குறை. உங்களுக்கு ஒத்துவராத சான்று கிடைத்தால் ஒளிக்காதீர்கள், அதற்கும் ஒரு பத்தி கொடுங்கள்.

தேடிய நூல்களில் கதை இல்லாமல் போனால்? "கதை பொய்" என்று எழுதிவிடக் கூடாது. "நான் பார்த்த இந்த நூல்களில் இல்லை, வாய்மொழியாக இத்தனை பேர் சொல்கிறார்கள்" என்று எழுதுங்கள். அதுவே முறையான விடை. அதற்கு மார்க் குறையாது.

படி 7: கொடுப்பதற்கு முன்

சான்று காட்டும் முறை துறைக்குத் துறை மாறும். உங்கள் ஆசிரியர் சொன்ன முறையைக் கடைசி வரை ஒரே மாதிரி பின்பற்றுங்கள். நீங்கள் கண்ணால் பார்க்காத புத்தகத்தைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். சாட்ஜிபிடி மாதிரியான செயலிகள் இல்லாத நூலுக்கும் ஆசிரியர், ஆண்டு, பக்கம் எல்லாம் போட்டுத் தரும். நூலைத் திறந்து பார்க்காமல் அந்தப் பெயரை எழுதினால் பழி உங்கள் மேல்தான் விழும்.

ஹாஸ்டலில் ஒரு சிநேகிதரை உட்கார வைத்து முழுக் கட்டுரையையும் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அவர் முகம் சுளிக்கிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வந்து திருத்துங்கள்.

அச்செடுத்துக் கொடுத்த பிறகும் அந்த நீல, சிவப்பு மை நோட்டைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். "இந்த வரி எங்கே இருந்து எடுத்தீங்க?" என்று நான் கேட்பேன். நோட்டைத் திறந்து பக்க எண்ணைக் காட்டுங்கள்.