இரட்சிக்கப்பட்டவர்களே, முதலில் கணக்கு நோட்டை எடுங்கள்

கூட்டத்தில் அழுது ஜெபித்து, சாட்சியும் சொல்லிவிட்டு வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, நாளையிலிருந்து என்ன செய்யணும்?" பாஸ்டரிடம் கேட்டால் வேதம் வாசி, ஜெபம் பண்ணு என்பார். அதைச் செய்யுங்கள். நான் கடலூர் முதுநகரில் கருவாடு விற்கிறவள், எனக்குத் தெரிந்த வழியையும் சொல்கிறேன். கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

நோட்டைச் சரிசெய்தால் இரட்சிப்பு கிடைத்துவிடும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். எபேசியர் 2-ஆம் அதிகாரம் 8, 9 வசனங்களில் அது கிருபையால் வருகிறது, தேவனுடைய ஈவு, நம் கிரியையால் வந்ததில்லை என்று பவுல் தெளிவாக எழுதியிருக்கிறார். நம் ஆட்களில் பாதிப் பேர் அதோடு வேதத்தை மூடிவிடுகிறார்கள். 10-ஆம் வசனத்தையும் வாசியுங்கள். நற்கிரியைகளைச் செய்வதற்காகவே கிறிஸ்து இயேசுவுக்குள் நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று அதில் இருக்கிறது.

லூக்கா 19-இல் சகேயு கதையும் இதே வரிசையில்தான் போகிறது. எரிகோவில் அவன் ஆயக்காரருக்கு, அதாவது வரி வசூலிக்கிறவர்களுக்குத் தலைவன். இயேசு முதலில் அவன் வீட்டுக்கு வருகிறேன் என்கிறார், அதற்கு விலை எதுவும் கேட்கவில்லை. அப்புறம்தான் அவன் எழுந்து நின்று, ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியதற்கு நாலத்தனை, அதாவது நாலு மடங்கு என்கிறான். எண்ணாகமம் 5:7-இன்படி, தானாக ஒப்புக்கொள்கிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும். சந்தோஷத்தில் இருப்பவன் கை எப்படி நீளும் பாருங்கள்!

இப்போது நோட்டு. ஒரு பக்கத்தில் வாங்கித் திருப்பாத கடன், அடுத்ததில் ஏமாற்றி எடுத்தது, மூன்றாவதில் கூலி பாக்கி. மூன்றாவது பக்கத்தை முதலில் தீருங்கள். வெயிலில் குனிந்து மீன் கீறி, உப்பு போட்டு, திருப்பித் திருப்பிக் காயவைத்த பெண்ணுக்குக் கூலியை நிறுத்தி வைத்துக்கொண்டு தசமபாகக் கவரை ஒட்டுவது எனக்குப் பிடிக்காது. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று சொல்லும் யாக்கோபு 5:4-க்கும் பிடிக்காது.

திருப்பிக் கொடுக்கப் போனால் அங்கே பிரசங்கம் வேண்டாம். "அப்போ உங்ககிட்ட கூட வாங்கிட்டேன், இந்தாங்கண்ணே" என்றால் போதும். ஏன் என்று அவரே கேட்டால் இயேசுவைப் பற்றிச் சொல்லுங்கள், கேட்பார். ஆள் இறந்திருந்தால் பிள்ளைகளிடம் கொடுங்கள். வாங்கிக்கொள்ள உறவே இல்லையென்றால் அது கர்த்தருக்கென்று ஆசாரியனிடம் போகவேண்டும் என்கிறது எண்ணாகமம் 5:8. நாம் சபையின் ஏழைகள் நிதியில் போடலாம். மொத்தமாகக் கொடுக்க முடியாதவர்கள் தவணை பேசிக்கொள்ளுங்கள். கோர்ட்டுக்குப் போகக்கூடிய விஷயம், இன்னொருவர் குடும்பத்தைக் குலைக்கக்கூடிய விஷயம் என்றால் தனியாகப் போய் உளறாதீர்கள். பாஸ்டரையோ வக்கீலையோ முதலில் பாருங்கள்.

கடன் பெரிதாக இருந்து பயம் வந்தால் பிலேமோன் நிருபத்தை வாசியுங்கள், ஒரே அதிகாரம்தான், 25 வசனம். ஒநேசிமு என்ற அடிமை எஜமானுக்கு ஏதாவது கடன்பட்டிருந்தால் அதை என் கணக்கில் வையும், நான் தீர்ப்பேன் என்று பவுல் அதில் தன் கையாலேயே எழுதிக் கொடுக்கிறார்.

அடுத்தது தொழில். என் தொழிலில் சோதனை வருவது ஐப்பசி, கார்த்திகையில். வெயில் இருக்காது, நெத்திலி காயாது. அரைகுறையாகக் காய்ந்ததை விற்றால் ஈரத்துக்கும் சேர்த்துக் காசு வரும். வாங்கிப்போனவள் வீட்டில் அது சீக்கிரமே பூசணம் பிடிக்கும். தராசில் முத்திரை இருக்கிறது, எடை சரிதான் என்று நியாயம் சொல்லலாம், ஆனால் நமக்குத் தெரியுமே. நான் "இது காயலை, விலை இவ்வளவுதான்" என்று சொல்லியே விற்கிறேன். அந்த மாதங்களில் லாபம் குறையும், உண்மைதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் வேறு. விசைப்படகுகள் கரையில் நிற்கும், கருவாட்டு விலை ஏறும், இங்கே மீனவர் ஊர்களான சோனங்குப்பத்திலும் சிங்காரத்தோப்பிலும் வட்டிக்குப் பணம் தேடி அலைவார்கள். கையில் காசு உள்ள விசுவாசி அந்த 61 நாளில் என்ன வட்டி கேட்கிறார் என்று பாருங்கள், அவர் யாருக்கு ஊழியம் செய்கிறார் என்று தெரியும். உங்கள் தொழில் வேறாக இருக்கலாம். ஆட்டோ, ஆபீஸ், கட்டட வேலை எதுவானாலும் ஈரக் கருவாடு ஒன்று இருக்கும், தேடுங்கள்.

வீட்டில் நீங்கள் ஒருவர் மட்டும் விசுவாசி என்றால் வாயைக் குறைத்து வேலையைக் கூட்டுங்கள். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் தீர்த்தவாரிக்கு வரும் சொந்தக்காரர்கள் உங்கள் வீட்டுக்கும் வருவார்கள். பூஜையில் நிற்க முடியாதென்று அம்மாவிடம் முன்னாலேயே பணிவாகச் சொல்லிவிட்டு, அத்தனை பேருக்கும் நீங்களே சமையுங்கள். சாமி படத்தைக் கழற்றுவது, பிரசாதத்தைத் தட்டிவிடுவது எல்லாம் வீரம் இல்லை, மரியாதைக் குறைவு.

மறுபடி விழுந்தால்? பாவத்தை அறிக்கையிட்டால் மன்னிப்பார் என்று 1 யோவான் 1:9 இருக்கிறது. அன்றைக்கே அறிக்கையிட்டு எழுந்திருங்கள், அடுத்த கன்வென்ஷன் வரை காத்திருக்க வேண்டாம்.

ஞானஸ்நானம் பற்றி லுத்தரன் சபைப் போதகர் ஐயர் ஒன்று சொல்வார், பெந்தெகொஸ்தே பாஸ்டர் வேறொன்று சொல்வார். குழந்தையிலேயே ஞானஸ்நானம் எடுத்தவர்கள் இரண்டு பேரிடமும் கேட்டு, வேதத்தைப் பார்த்து, நிதானமாக முடிவெடுங்கள். ஆனால் சபை ஒன்று வேண்டும். மஞ்சக்குப்பத்தில் ஒரு வாரம், பாண்டியில் ஒரு வாரம் என்று நல்ல பாட்டுக்காக அலைந்தால் உங்களைப் பெயர் சொல்லிக் கண்டிக்க ஆள் இருக்காது.

மீன், கறி விற்கிறவர்களுக்கு ஞாயிறு காலைதான் வியாபாரமே என்பது எனக்குத் தெரியும். விடியற்கால ஆராதனை உள்ள சபையாகப் பாருங்கள், இல்லையென்றால் மாலை ஆராதனை. இரண்டும் இல்லாத சபை என்றால் ஞாயிறு கடையைப் பூட்டத்தான் வேண்டும். வாடிக்கைக்காரர்களிடம் முந்தின வாரமே சொல்லிவிடுங்கள், சனிக்கிழமை சாயங்காலமே வந்து வாங்கிக்கொள்வார்கள்.