ஸ்னோமொபைலின் முன் ஆர்மில் ஆட்டமா? எந்த மூட்டு என்று பிரித்துப் பாருங்கள்

ஸ்னோமொபைல் என்ற பனி வண்டியின் முன்னால் சறுக்கும் பலகையான ஸ்கீயின் நுனியைப் பிடித்து ஆட்டினால் 'டக் டக்' என்று அடிக்கும். உடனே ஆர்ம் (ஸ்கீயின் பக்கத்தை வண்டியின் உடலோடு இணைக்கும் கை) புஷ் (மூட்டுக்குள் இருக்கும் தேயும் உருளை வளையம்) போய்விட்டது என்று முழு செட் வாங்குபவர்கள் அதிகம். அவசரப்பட வேண்டாம். நுனியில் தெரிவது பல மூட்டுகளின் ஆட்டம் ஒன்றாகச் சேர்ந்தது: ஸ்கீ போல்ட், பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு), டை ராட் (ஸ்டீயரிங்கின் திருப்பத்தை ஸ்கீக்குக் கொண்டுபோகும் கம்பி) முனை, ஸ்டீயரிங் தண்டின் புஷ், கடைசியாக ஆர்மின் உள்பக்க புஷ்.

எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி, சேஸிக்கு (வண்டியின் அடிச்சட்டம்) அடியில் உறுதியான ஸ்டாண்ட் கொடுங்கள். ஸ்டாண்ட் ஆர்மைத் தாங்கக் கூடாது. ஸ்கீ இரண்டும் தரையில் படாமல் தொங்க வேண்டும். எடை ஸ்கீயில் இருக்கும்வரை மூட்டுகள் ஒரு பக்கமாக அழுந்தியே இருக்கும், தேய்ந்த புஷ்ஷும் நல்லதுபோல் தெரியும். ஒட்டியிருக்கும் ஐஸ் முழுக்க உருகட்டும். உறைந்த நீரும் ஆட்டத்தை மறைத்துவிடும்.

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஹேண்டில்பாரை அசையாமல் பிடிக்க, மற்றவர் ஸ்கீயை இடமும் வலமும் திருப்பிப் பார்க்கட்டும். ஸ்பிண்டில் (ஸ்கீயைத் தாங்கி அதோடு திரும்பும் தண்டு) அசைந்தும் டை ராட் அசையவில்லை என்றால் டை ராடின் வெளிமுனை தேய்ந்திருக்கிறது. டை ராடோடு ஸ்டீயரிங் தண்டே பக்கவாட்டில் நகர்ந்தால் தண்டின் புஷ்ஷைப் பாருங்கள். ஸ்பிண்டில் அசையாமல் ஸ்கீ மட்டும் ஆடினால் ஸ்கீ போல்ட்டின் புஷ்தான். இது மலிவான வேலை.

அடுத்து ஆர்மின் உள்பக்க புஷ்ஷைப் பார்க்க, ஸ்கீயை விட்டுவிட்டு ஸ்பிண்டிலின் அடிப்பகுதியைப் பிடித்து உள்ளும் வெளியும், மேலும் கீழும் தள்ளுங்கள். உதவிக்கு இருப்பவர் கட்டைவிரலை ஆர்மிலும் ஆள்காட்டி விரலை அது பொருந்தும் சேஸியின் பிராக்கெட்டிலும் பாலம்போல வைத்துக்கொள்ளட்டும். கண்ணுக்குத் தெரியாத அசைவும் விரலுக்குத் தெரியும். பால் ஜாயின்ட்டையும் இப்படியே சோதிக்கலாம்.

ஆட்டம் உள்பக்கத்தில்தான் என்றால் போல்ட்டை இன்னும் இறுக்குவது தீர்வாகாது. பெரும்பாலான வண்டிகளில் புஷ்ஷுக்குள் ஒரு இரும்பு ஸ்லீவ் (குழாய்) இருக்கும். போல்ட் அந்த ஸ்லீவைத்தான் பிராக்கெட்டுகளுக்கு நடுவே நெருக்கிப் பிடிக்கிறது. ஆர்ம் ஸ்லீவின் மேல் சுழல்கிறது. புஷ் தேய்ந்தபின் எவ்வளவு இறுக்கினாலும் அந்த இடைவெளி குறையாது. மாறாக போல்ட் தளர்ந்திருந்தால் ஸ்லீவும் சேர்ந்து அசைந்து பிராக்கெட் துளையை நீள்வட்டமாக்கிவிடும். இதுதான் பெரிய செலவு, ஏனென்றால் துளை கெட்டபின் புதிய புஷ் போட்டும் பயனில்லை.

போல்ட்டைக் கழற்றி ஸ்லீவின் மேல் நகத்தை ஓட்டுங்கள். மேடு தட்டுப்பட்டால், அல்லது வெர்னியர் அளவுகோலில் நடுப்பகுதிக்கும் ஓரத்துக்கும் அளவு மாறினால், ஸ்லீவையும் மாற்றுங்கள். துருப்பிடித்துக் குழி விழுந்த ஸ்லீவ் புதிய புஷ்ஷை அரம்போல அராவித் தின்றுவிடும். திரும்பப் பொருத்தும்போது போல்ட் கையாலேயே நுழைய வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் ஆர்மோ பிராக்கெட்டோ வளைந்திருக்கலாம்.

நைலான் லாக் நட்டுகளைப் புதிதாகப் போட்டு, மேனுவலில் உள்ள டார்க்குக்கு (இறுக்கும் விசையின் அளவு) இறுக்குங்கள். ஷாக்கின் (அதிர்வுதாங்கி) கீழ் போல்ட்டையும் ஸ்பிண்டிலையும் கழற்றிய நிலையில் ஆர்ம் தன் எடையிலேயே கீழே இறங்க வேண்டும். இறங்காமல் பிடித்துக்கொண்டு நின்றால் அதுவும் கோளாறே. டை ராடைத் தொட்டிருந்தால் ஸ்கீ அலைன்மென்ட்டையும் (இரு ஸ்கீயும் நேராக இருக்கின்றனவா என்பதை) மேனுவல்படி சரிபாருங்கள். முதல் ஓட்டத்துக்குப் பிறகு எல்லா போல்ட்டிலும் ஒருமுறை ரென்ச் வைத்துப் பாருங்கள்.