தீயணைப்பு வீரர்களின் உடல்நலம்: மக்கள் பிரதிநிதிகளும் ஆர்வலர்களும் எங்கிருந்து தொடங்குவது?

தீ அணைந்து, குழாய்களைச் சுருட்டி வைத்துவிட்டு வண்டி நிலையத்துக்குத் திரும்பியதும், ஒரு தீயணைப்பு வீரரின் கழுத்தை ஈரமான வெள்ளைத் துணியால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். முகமூடியின் விளிம்புக்கும் மேலங்கியின் கழுத்துப் பட்டைக்கும் இடையே, காதுக்குக் கீழிருந்து தாடை வரை உள்ள இடத்தில் துணி கறுத்துவிடும். எரிந்த பிளாஸ்டிக்கும் மெத்தைப் பஞ்சும் வண்ணப்பூச்சும் விட்டுச்சென்ற வேதிப்பொருள்கள் அந்தக் கரியில் இருக்கின்றன. வியர்வையில் ஊறிச் சூடேறிய தோல் அவற்றை எளிதில் உள்ளே விட்டுவிடுகிறது. இந்தப் பணியாளர்களுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கும் மக்கள் பிரதிநிதியும், துறை அதிகாரியும், தொழிற்சங்கத்தினரும், ஆர்வலரும் பெரும்பாலும் பாராட்டு விழாவில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அந்தக் கறுத்த துணியிலிருந்து தொடங்கினால் நிதி ஒதுக்கீடு, கொள்முதல், பதிவேடு, மருத்துவப் பரிசோதனை, சட்டம் என்று அடுத்தடுத்துச் செய்ய வேண்டியவை தாமாகவே வரிசையில் வந்து நிற்கும்.

பேசும் முன் நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள்

விழாவுக்கு விருந்தினராகப் போகும்போது எல்லாம் துடைத்து வைக்கப்பட்டிருக்கும். ஆகவே, நிலைய அலுவலருக்கு முந்தைய நாள் மட்டும் தகவல் சொல்லிவிட்டு, சாதாரண வேலை நாளில் போங்கள். பாதுகாப்பு உடைகள் எங்கே தொங்குகின்றன என்பதை முதலில் பாருங்கள். வண்டி நிற்கும் கூடத்திலேயே, புகைபோக்கிக்கு அருகில் தொங்கினால், அவற்றின்மேல் டீசல் புகை நாள்தோறும் படிகிறது என்று பொருள். வண்டிக்கு மேலே சுவரிலும் கூரையிலும் படிந்திருக்கும் கருமையை விரலால் தொட்டாலே இது விளங்கும். டீசல் இயந்திரப் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012-இலேயே சேர்த்துவிட்டது. வண்டிக் கூடத்துக்கும் படுக்கை அறைக்கும் இடையே உள்ள கதவு சரியாக மூடுகிறதா, ஒருவருக்கு எத்தனை செட் உடை இருக்கிறது, அவற்றை நிலையத்தில் துவைக்கிறார்களா அல்லது வீட்டுக்கு எடுத்துச்சென்று குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்கிறார்களா என்று கேளுங்கள். பணியில் மூத்தவரிடமும் அண்மையில் சேர்ந்தவரிடமும் தனித்தனியே பேசுங்கள். இருவரும் சொல்வது பெரும்பாலும் ஒத்துப்போகாது, அந்த வேறுபாட்டில்தான் நமக்குத் தேவையான தகவல் இருக்கும்.

எது உறுதியாகத் தெரியும் என்பதை வரம்போடு சொல்லுங்கள்

தீயணைப்புப் பணியை, ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற நிலையிலிருந்து ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும்’ என்ற முதல் பிரிவுக்கு அதே முகமை 2022-இல் மாற்றியது. நுரையீரலைச் சூழ்ந்த படலத்தில் வரும் மீசோதீலியோமாவுக்கும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் போதிய சான்று இருப்பதாகவும், பெருங்குடல், புராஸ்டேட், விரை ஆகியவற்றின் புற்றுநோய்கள், மெலனோமா என்ற தோல் புற்றுநோய், ஹாட்ஜ்கின் அல்லாத லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் ஆகியவற்றுக்கு வரம்புக்குட்பட்ட சான்று இருப்பதாகவும் அது கூறியது. இந்த வகைப்பாடு சான்றின் உறுதியைச் சொல்கிறதே தவிர, ஆபத்து எத்தனை மடங்கு என்பதைச் சொல்வதில்லை. ஆர்வலர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இது. மிகைப்படுத்திச் சொன்ன ஒரே வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நிதித்துறை முழு மனுவையும் ஒதுக்கிவிடும்.

புற்றுநோயை மட்டும் பேசி இதயத்தை விட்டுவிடவும் கூடாது. அமெரிக்கத் தீயணைப்பு வீரர்கள் பணியில் இறந்ததைப் பற்றி 2007-இல் வெளியான ஆய்வு ஒன்றில், இதயத் தமனி நோயால் நேர்ந்த மரணங்களில் 32 சதவீதம் தீயை அணைக்கும்போது நேர்ந்திருந்தது. அவர்களுடைய பணி நேரத்திலோ அந்த வேலைக்குச் செலவாவது 1 முதல் 5 சதவீதம் மட்டுமே. தூக்கத்திலிருந்து திடீரென எழுந்து, கனமான உடையோடும் மூச்சுக்கருவியோடும் வெப்பத்துக்குள் ஓடும்போது உடலில் நீர் வற்றுகிறது, இரத்தம் உறையும் தன்மை கூடுகிறது, இதயம் உச்ச வேகத்தில் துடிக்கிறது. சம்பவ இடத்திலேயே உடையைத் தளர்த்தி, நிழலில் உட்கார்ந்து, நீர் குடித்து, நாடித்துடிப்பைச் சோதித்துக்கொள்ளும் கட்டாய ஓய்வு ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

பணத்தை எதில் போடுவது

மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் தரும் கருவிகள் ஒரு வாளி, சோப்பு நீர், நீண்ட பிடியுள்ள தூரிகை ஆகிய மூன்றும்தான். தீயிலிருந்து வெளிவந்தவுடன், முகமூடியைக் கழற்றாமலே, உடையைச் சோப்பு நீர் விட்டுத் தேய்த்துக் கழுவினால், மேற்பரப்பில் படிந்த பல்வளைய ஹைட்ரோகார்பன்களில் (எரியும்போது உண்டாகிக் கரியில் தங்கும் நச்சுச் சேர்மங்களில்) ஏறத்தாழ 85 சதவீதம் நீங்கியதாக 2017-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. வெறும் தூரிகையால் உலர்ந்தபடி தேய்த்தபோது நீங்கியது 23 சதவீதம் மட்டுமே. கழுத்தையும் கைகளையும் ஈரத் துடைப்பானால் அங்கேயே துடைத்துக்கொள்வதும் இதன் தொடர்ச்சியே. இதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு வண்டியிலும் இவை இருக்க வேண்டும் என்ற ஒரு சுற்றறிக்கையும், அவை தீரும்போது நிரப்பச் சிறு தொகையும் போதும்.

பெரிய செலவு அடுத்ததில் இருக்கிறது: ஆளுக்கு இரண்டாவது செட் பாதுகாப்பு உடை. ஒரே ஒரு செட் வைத்திருப்பவரிடம், ‘ஒவ்வொரு தீக்குப் பிறகும் துவையுங்கள்’ என்று சொல்வது, ஈர உடையோடு அடுத்த அழைப்புக்குப் போ என்று சொல்வதற்குச் சமம். இரண்டாவது செட்டுடன் நிலையத்திலேயே ஒரு துவைக்கும் இயந்திரம், உலர்த்தும் இடம், காற்றோட்டமுள்ள தனி அறை, வண்டியின் புகைபோக்கியிலேயே பொருத்தி புகையை வெளியே இழுத்துவிடும் குழாய் ஆகியவற்றையும் சேர்த்தே கேளுங்கள். உடையை மட்டும் வாங்கித் துவைக்க வழி செய்யாமல் விட்டால், இரண்டு செட்டும் அழுக்காகத் தொங்கும்.

கொள்முதல் விதிகளில் அதிகாரிகளின் கவனம் மிகவும் தேவை. மிகக் குறைந்த விலைக்குக் கேட்டவருக்கே ஒப்பந்தம் என்ற விதியை இந்தப் பொருள்களுக்கு அப்படியே பயன்படுத்தினால், நடுத்தர ஆண் உடலுக்குத் தைத்த ஒரே அளவு உடையும் கையுறையும் வந்து சேரும். விரல் நுனியில் தொளதொளவென்று நிற்கும் கையுறையோடு குழாய் வால்வைத் திருப்ப முடியாமல், அதைக் கழற்றிவிட்டு வேலை செய்யும் பெண் பணியாளர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே ஒப்பந்தப் புள்ளி ஆவணத்திலேயே தனித்தனி உடல் அளவு எடுத்தல், முகமூடி ஒவ்வொரு முகத்திலும் கசிவின்றிப் பொருந்துகிறதா என்ற ஆண்டுச் சோதனை, பழுதுநீக்கம், ஆயுட்கால வரம்பு ஆகியவற்றை எழுதிவிட வேண்டும். எண்ணெய்த் தீக்குப் பயன்படும் நுரைக் கரைசலில் ஃப்ளூரின் சேர்மங்கள் இல்லாத வகையையே கேளுங்கள். அவற்றில் ஒன்றான பெர்ஃப்ளூரோ ஆக்டனாயிக் அமிலம் 2019-இல், எளிதில் சிதையாத நச்சு வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்கப்பட்டது, 2023-இல் புற்றுநோய் முகமையின் முதல் பிரிவுக்கும் வந்தது. பழைய இருப்பைப் பாதுகாப்பாக அகற்றுவதற்கும், வண்டியின் தொட்டியைக் கழுவுவதற்கும் தனியே நிதி வைக்காவிட்டால், புதிய நுரையைப் பழைய எச்சத்தோடுதான் கலந்து ஊற்றுவார்கள்.

பதிவேடு: அலட்சியப்படுத்தப்படுவதும் மிகத் தேவையானதும்

புற்றுநோய் வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகும். அந்த நாளில் பணியாளர் ஓய்வு பெற்றிருப்பார், நிலையம் இடம் மாறியிருக்கும், உடன் பணியாற்றியவர்கள் இருக்கமாட்டார்கள். அப்போது அவர் கையில் இருக்க வேண்டியது, எந்தத் தேதியில், எந்த வகைத் தீயில், எவ்வளவு நேரம், என்ன எரிந்த புகையில், மூச்சுக்கருவியோடா அது இல்லாமலா நின்றார் என்ற குறிப்பு. தீ அணைந்தபின் இடிபாடுகளைக் கிளறும்போதுதான் பலரும் முகமூடியைக் கழற்றுகிறார்கள். கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் அப்போதும் காற்றில் இருக்கும் என்பதால், அந்த நேரத்தையும் தனியே குறிக்க வேண்டும். பதிவின் படி ஒன்று பணியாளரிடம் இருக்கட்டும். இத்தகைய பதிவுகளைக் குறைந்தது 30 ஆண்டுகள் பாதுகாக்க அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு விதிகள் கோருகின்றன. அதற்குக் குறைவான எதையும் ஏற்க வேண்டாம். ஒப்பந்தப் பணியாளர்களும் தன்னார்வலர்களும் அதே ஏட்டில் இடம்பெற வேண்டும்.

முன்கூட்டியே எடுத்து வைத்த அளவீடு பின்னாளில் எவ்வளவு உதவும் என்பதை நியூயார்க் காட்டியது. உலக வர்த்தக மையக் கோபுரங்கள் தாக்கப்பட்டு இடிந்த 2001 செப்டம்பர் 11 அன்று அந்நகரத் தீயணைப்புத் துறையினர் 343 பேர் உயிரிழந்தார்கள். உயிர் தப்பியவர்களின் நுரையீரல் திறன் எவ்வளவு குறைந்தது என்பதை ஆய்வாளர்களால் துல்லியமாகச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், அத்துறை அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே தன் பணியாளர்களுக்கு மூச்சுத்திறன் சோதனை நடத்திவந்ததுதான். பாதிக்கப்பட்டோருக்கான மருத்துவக் கவனிப்பையும் இழப்பீட்டையும் உறுதிசெய்த ஜேம்ஸ் ஜட்ரோகா சட்டம் கையெழுத்தானது 2011 ஜனவரியில். சான்று கையில் இருந்தும் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்றால், சான்றே இல்லாதவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

மருத்துவப் பரிசோதனையும் மனநலமும்

பணியில் சேரும்போது ஒன்று, பிறகு ஆண்டுதோறும் ஒன்று என இதயம், நுரையீரல், செவித்திறன், தோல், சிறுநீர் ஆகியவற்றுக்கான சோதனையைத் துறையே செலவேற்று நடத்த வேண்டும். இதில் ஒரு நிபந்தனையை விட்டுக்கொடுக்கக் கூடாது: விவரமான முடிவு மருத்துவருக்கும் பணியாளருக்கும் மட்டுமே தெரிய வேண்டும், நிர்வாகத்துக்குப் பணிக்குத் தகுதி உண்டா இல்லையா என்பது மட்டும் போதும். இந்த உறுதி இல்லாத இடத்தில் வேலை போய்விடுமோ என்ற அச்சத்தால் நெஞ்சு வலியையே மறைப்பார்கள். மனநல ஆலோசனைக்கும் இதே விதிதான். கோரமான சம்பவத்துக்குப் பிறகு எல்லாரையும் ஒரே அறையில் உட்காரவைத்து ஒரே அமர்வில் கட்டாயமாகப் பேசவைக்கும் முறை பயன் தருவதாக ஆய்வுகள் காட்டவில்லை. பயிற்சி பெற்ற சக பணியாளரின் துணையும், வேண்டும்போது தகுதியுள்ள ஆலோசகரிடம் தனியே போக வழியும், இரவுப் பணிக்குப் பின் போதிய தூக்கமும் கிடைக்கச் செய்யுங்கள்.

சட்டத்தை எழுதும்போது

‘இந்தத் தீயில்தான் உனக்கு நோய் வந்தது என்று நிரூபி’ என்று பணியாளரைக் கேட்பது நடைமுறையில் இயலாததைக் கேட்பதாகும். அதனால்தான், குறிப்பிட்ட ஆண்டுகள் பணியாற்றியவருக்குக் குறிப்பிட்ட நோய் வந்தால் அது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லையென்று காட்டும் பொறுப்பு வேலை தருபவருடையது என்ற சட்ட அனுமானம் பல இடங்களில் வந்திருக்கிறது. கலிஃபோர்னியா 1982-இலும், கனடாவின் மானிடோபா 2002-இலும் இதைக் கொண்டுவந்தன. ஆஸ்திரேலியக் கூட்டாட்சி அரசு 2011-இல் இயற்றிய சட்டத்தில் மூளைப் புற்றுநோய்க்கு 5 ஆண்டுப் பணி, சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு 15 ஆண்டுப் பணி என்று நோய்வாரியாக வரையறுத்தது. வரைவைப் படிக்கும்போது, ஓய்வுக்குப் பின் எத்தனை ஆண்டுகள் வரை பாதுகாப்பு நீள்கிறது, மார்பகம், கருப்பை வாய், சூலகம் ஆகியவற்றின் புற்றுநோய்கள் பட்டியலில் உள்ளனவா, புதிய நோயைச் சேர்க்க ஒவ்வொரு முறையும் சட்டத்திருத்தம் வேண்டுமா அல்லது விதி மூலம் சேர்க்கலாமா என்று பாருங்கள். செலவு மதிப்பீட்டை நீங்களே முன்கூட்டித் தயாரித்துக் கொண்டுபோங்கள். நிதித்துறையின் கணக்கு முதலில் வந்துவிட்டால் விவாதம் அந்த எண்ணைச் சுற்றியே நின்றுவிடும்.

ஆர்வலர்கள் கேட்கும் முறை

அவையில் கேட்கவைக்கும் கேள்வியைக் கவனமாக எழுதிக் கொடுங்கள். ‘பாதுகாப்பு உபகரணங்கள் போதுமானவையா?’ என்றால் ‘ஆம், போதுமானவை’ என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும். ‘நிலையம்வாரியாகப் பணியாளர் எண்ணிக்கை என்ன, பயன்பாட்டில் உள்ள உடைகள் எத்தனை, அவற்றில் பத்தாண்டுகளைக் கடந்தவை எத்தனை, கடந்த ஆண்டில் எத்தனை பேருக்கு மருத்துவப் பரிசோதனை நடந்தது?’ என்று கேட்டால் அட்டவணையோடு பதில் தர வேண்டியிருக்கும். மனு ஒரே பக்கத்தில், ஒரே கோரிக்கையோடு, வரவு செலவுத் திட்டம் உறுதியாவதற்குச் சில மாதங்கள் முன்பே போய்ச்சேர வேண்டும். பணியில் இருப்பவர்கள் வெளியே பேச நடத்தை விதிகள் தடையாக இருந்தால், ஓய்வு பெற்றவர்களும் சங்கப் பிரதிநிதிகளும் பேசட்டும். நோயுற்றவரையோ இறந்தவரின் குடும்பத்தையோ அழைக்கும்போது, எந்த மருத்துவ விவரம் வெளியில் சொல்லப்படும் என்பதற்கு அவர்களிடம் முன்பே ஒப்புதல் பெறுங்கள். கண்ணீருக்காக மட்டும் யாரையும் மேடையேற்றாதீர்கள்.

ஒதுக்கீடு கிடைத்து ஓராண்டு ஆனதும் அதே நிலையத்துக்கு மீண்டும் போங்கள். பதிவேட்டைத் திறந்து, நாளிதழில் நீங்கள் படித்த தீ விபத்து ஒன்றின் தேதியைத் தேடுங்கள். அன்று போனவர்களின் பெயர்கள் அனைத்தும், முகமூடி அணிந்த நேரமும், உடை துவைக்கப்பட்ட தேதியும் அங்கே இருக்கின்றனவா என்று பாருங்கள்; இல்லையென்றால், அடுத்த ஆண்டுக்கான கேள்வியை அந்தப் பக்கத்திலிருந்தே எழுதத் தொடங்கலாம்.